வரைபடத்தில் நான் மூடிய நீர்வழி

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸில் ஒரு தேநீர் விருந்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் அங்கே வேலை வேறு மாதிரி. ஆகாய விமானத்திலிருந்து எடுத்த படங்களை மேசையில் பரப்பி, கண்ணாடி வழியாகப் பார்த்தே ஆற்றையும் கடலோரத்தையும் வரைந்துவிடுகிறார்கள். சேற்றில் கால் வைக்க வேண்டியதில்லை. வரைபடப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்னிடம் கேட்டாள்:

"அங்கிள், முப்பத்தஞ்சு வருஷம் கையால வரைஞ்சிருக்கீங்க. எப்பவாச்சும் தப்பா வரைஞ்சிருக்கீங்களா?"

"வரைஞ்சிருக்கேன்மா. ஒரே ஒரு தடவை. தெரிஞ்சேதான் வரைஞ்சேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதிகாரி எல்லாரையும் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் பெண் மட்டும் கையில் தட்டோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்காக எழுதுகிறேன். வருத்தம் தெரிவிக்க அல்ல. அந்தத் தப்பை இன்று வரையச் சொன்னாலும் வரைவேன்.

நான் மலாய் நாட்டில், செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஏழு வருடம் படித்தேன். கையெழுத்து நன்றாக இருந்ததால் சர்வே ஆபீஸில் ட்ரேசர் வேலை கிடைத்தது. அடுத்தவர் வரைந்த படத்தின்மேல் மெழுகுத்துணியை விரித்து, மையால் பிரதி எடுப்பவன்தான் ட்ரேசர். முதல் இரண்டு வருடம் எழுத்து மட்டுமே எழுதவிட்டார்கள். ஆறுகளின் பெயரைச் சாய்த்து எழுத வேண்டும், ஊர்களின் பெயரை நேராக எழுத வேண்டும். ஒரு சொட்டு மை சிந்தினால் துணி பாழ். வேறு சொல்லிக்கொள்ளும்படி அந்த இரண்டு வருடத்தில் எதுவும் இல்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரைகள் ஒரே வாரத்தில் மறைந்தார்கள். நாங்கள் பயந்து பயந்து ஆபீஸுக்குத் திரும்பியபோது, பெரிய துரையின் நாற்காலியில் கிதாமுரா உட்கார்ந்திருந்தார்.

ஐம்பது வயது இருக்கும். குள்ளம். ராணுவச் சட்டை போட்டிருந்தாலும் கடல் அளப்பதுதான் அவர் தொழில். இடது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. மற்ற ஜப்பானிய அதிகாரிகள் மாதிரி கன்னத்தில் அறைய மாட்டார். கத்தவும் மாட்டார். காலையில் வந்ததும் ஆறு பென்சில்களை ஒரே நீளத்துக்குச் சீவி வரிசையாக வைப்பார். எங்கள் வேலையில் தப்பு கண்டால், தாளை மேசைமேல் குப்புறக் கவிழ்த்துவிட்டு வெளியே போய்விடுவார். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். முழுவதையும் மறுபடி வரைய வேண்டும். அறை வாங்குவதே மேல் என்று எங்களுக்குத் தோன்றும்.

என் கையைச் சோதிக்க ஒரு கடல்படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவரே வரைந்தது. பூமியின் வடக்குக் கோடியில், வருடத்தில் பத்து மாதம் உறைந்து கிடக்கும் கடல். பனிப்பாறைகளுக்கும் ஒரு மொட்டைத் தீவுக்கும் நடுவில் ஒரு நீர்வழி. அதன் நெடுக ஆழத்தைக் குறிக்கும் சின்னச் சின்ன எண்கள். பாதி தூரத்தில் எண்கள் நின்றுவிட்டன. அதற்கு மேலே வெறும் வெள்ளை. ஐஸ் என்றால் மரத்தூளில் புதைத்து மாட்டுவண்டியில் வரும் கட்டிதான் எனக்குத் தெரியும். வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியாமல் மலாயில், துவான், அதாவது ஐயா, என்று கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன்.

"கடல் தண்ணி உப்பாச்சே துவான். உறையுமா?"

அவர் விரல் நுனி இல்லாத கையைத் தூக்கிக் காட்டினார். "உறையும். இதையும் உறைய வைத்தது."

"மேலே வெள்ளையாக இருப்பது ஐஸா?"

"இல்லை. நான் போகாத இடம். போகாத இடத்தை வரையக் கூடாது. நீயும் வரையாதே."

நீர்வழியின் மேல் ஜப்பானிய எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. தன் படைத்தலைவரின் பெயர் என்றார். தானே வைத்ததாம். தங்களுக்கு முன்னால் அங்கே யாரும் போனதில்லை, அதனால் பெயர் இல்லை என்றார்.

"அங்கே மனிதர்களே இல்லையா துவான்?"

"இருந்தார்கள். கடல்நாய் வேட்டையாடுபவர்கள். எங்களுக்கு வழிகாட்டியது அவர்கள்தான்."

"அவர்கள் என்ன பெயர் சொன்னார்கள்?"

அவர் "கேட்கவில்லை" என்றார்.

வழிகாட்டத் தெரிந்தவனுக்கு அந்த வழியின் பெயர் தெரியாமலா இருக்கும்? எனக்குள் எரிந்தது. தலையைக் குனிந்து பிரதி எடுத்தேன். மூன்று நாள் ஆனது. அவர் தாளைக் கவிழ்க்கவில்லை. அதிலிருந்து நான் அவருடைய ஆள் ஆகிவிட்டேன்.

இரண்டாம் வருடம் ராணுவத்திலிருந்து உத்தரவு வந்தது. மெர்போக் ஆற்று முகத்துவாரத்தில் மோட்டார் படகுகள் போக வேண்டும், ஆழம் அளந்து படம் வரைந்து கொடு என்று. அந்த முகத்துவாரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்கள் சேற்றில் வேரூன்றிச் சுவர் மாதிரி நிற்கும். நடுநடுவே பிரியும் கால்வாய்களை மலாய்க்காரர்கள் அலோர் என்பார்கள். எது கடலுக்குப் போகும், எது சேற்றில் முடியும் என்று அங்கேயே கிடப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படித் தெரிந்த ஒரு தமிழர் செமிலிங் படகுத்துறையில் இருந்தார். பெயர் வீரையா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ரப்பர் ஏற்றும் படகுகளில் பதினைந்து வருடம் உழைத்தவர். ஆழம் பார்க்கக் குண்டு போடும் வேலைக்குக் கிதாமுரா அவரை எடுத்துக்கொண்டார்.

குண்டு என்பது கயிற்றில் கட்டிய ஈயக்கட்டி. கயிற்றில் ஒரு பாகத்துக்கு, அதாவது ஆறடிக்கு, சிவப்புத் துணி, இரண்டுக்குத் தோல்பட்டை, மூன்றுக்கு வெள்ளைத் துணி என்று அடையாளம் கட்டியிருக்கும். குண்டின் அடியில் ஒரு குழி. அதில் கொழுப்பைத் தடவிப் போட்டால், அடியில் கிடப்பது சேறா மணலா என்று ஒட்டிக்கொண்டு வரும். ஓட்டமில்லாத தண்ணீரில் சேறு வரும். நல்ல ஓட்டமுள்ள வழி என்றால் மணலும் கிளிஞ்சலும் வரும். வீரையா படகின் முனையில் நின்று குண்டை வீசி, "ரெண்டே கால்! ரெண்டரை!" என்று தமிழிலேயே கூவுவார். நான் எழுதிக்கொள்வேன். அதே நொடியில் கிதாமுரா கோணமானியால் ஜெராய் மலை உச்சியையும் துறையின் கொடிக்கம்பத்தையும் பார்த்து, நாங்கள் நிற்கும் இடத்தைக் கணக்கிடுவார். ஒரு மாதத்தில் அவருக்கும் எங்கள் எண்கள் பழகிவிட்டன. "ரெந்தரை" என்று திருப்பிச் சொல்வார்.

ஒவ்வொரு அலோருக்கும் வைக்க வேண்டிய பெயர்ப் பட்டியல் ஒன்று ராணுவத்திலிருந்து வந்திருந்தது. எல்லாம் ஜப்பானியப் பெயர்கள். நான் அதைப் படித்தபோது வீரையா துடுப்பை நிறுத்திக் கேட்டார்:

"இதுக்குத்தான் ஏற்கனவே பேரு இருக்கே தம்பி. எல்லாத்துக்கும் இருக்கு லா. அவன் புதுசா வச்சா மீன் வந்து கேட்டுக்குமா?"

வீரையா அண்ணன் சொன்ன பழைய பெயர்களை என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதி வைத்தேன். கிதாமுரா கேட்காததை நான் கேட்டுக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டங்களில் ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். மூன்று மாதத்தில் திருப்பி அனுப்புவோம் என்றார்கள். முதலில் போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பிறகு எல்லாரும் போக மறுத்தார்கள். லாரியைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலுக்கே கொண்டுவந்து, பால் வெட்டிவிட்டு வருகிறவனை வாளியோடு ஏற்றினார்கள். ஓடக்கூடியவர்கள் பாக்காவ் காட்டுக்குள் ஓடினார்கள்.

ஒரு நாள் வேலைக்குக் கிளம்பும் முன்பே, துறையில் வீரையா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, இன்னிக்கு அளக்கப் போற பக்கத்துல ஒரு வாய் இருக்கு. பார்த்தா மரம் அடைச்ச மாதிரி இருக்கும். உள்ள போனா மூணு பாகத்துக்கு மேல ஆழம். நேரா அந்தாண்ட மலாய்க்காரங்க குடியிருக்கிற கம்பத்துக்குப் போயிடும். அங்கேயிருந்து ஜெராய் மலையடிவாரம்."

"சரிண்ணே, எழுதிடுறேன்."

"எழுதக் கூடாதுன்னுதான் சொல்றேன். நம்ம ஆளுங்க அது வழியாத்தான் போறாங்க. நான்தான் கொண்டு போய் விடுறேன். இதுவரைக்கும் பதினேழு பேரு."

எனக்கு "அண்ணிக்குத் தெரியுமா?" என்றுதான் கேட்கத் தோன்றியது.

"காளியம்மாவுக்கா? தெரிஞ்சா முதல்ல என்னைத்தான் கட்டிப் போடுவா" என்று சிரித்தார்.

பத்து மணிக்கு அந்த இடத்தை அடைந்தோம். மரங்களுக்கு நடுவில் இடைவெளி இருப்பதை கிதாமுரா பார்த்துவிட்டார். கையைக் காட்டினார். படகு நின்றது. வீரையா குண்டை வீசினார். கயிறு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. மேலே இழுத்தபோது வெள்ளைத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். குண்டு படகுக்குள் வருவதற்குள் அவர் உள்ளங்கை அதன் அடியை ஒரு தடவை தடவிவிட்டது. மணல் போயிற்று.

"அரை!" என்று கூவினார். அதே குரல், அதே உரப்பு.

கிதாமுரா கோணமானியிலிருந்து கண்ணை எடுத்தார். "எவ்வளவு?" என்று என்னைக் கேட்டார்.

"அரை பாகம், துவான்."

என் கை எழுதியது. எழுத்து நடுங்கவில்லை. அந்த இரண்டு வருடப் பயிற்சி அதற்காவது உதவியது.

உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றார் அவர். வீரையா படகைத் திருப்புவதுபோல் திருப்பி, வாயின் ஓரத்துச் சேற்றுத் திட்டில் ஏற்றிவிட்டார். அலை ஏறும்வரை இரண்டு மணி நேரம் வெயிலில் காய்ந்தோம். கிதாமுரா சுருட்டிக் கிடந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸுக்கு வந்து சுத்தப்படம் வரைந்தேன். அந்த இடத்தில் வெள்ளையாக விட்டிருந்தால் அவருடைய விதி காப்பாற்றப்பட்டிருக்கும். ஆனால் வெள்ளையைப் பார்த்தால் யாராவது போய்ப் பார்ப்பான். அதனால் கரைக்கோட்டை நிறுத்தாமல் இழுத்தேன். வாயை மூடினேன். அதன்மேல் பாக்காவ் மரத்துக்கான குறியை நெருக்கமாகப் போட்டேன். இல்லாத மரங்களை வரைந்தேன். நான் வரைந்த மரங்களிலேயே அவைதான் அழகானவை.

கிதாமுரா பூதக்கண்ணாடியோடு படத்தை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தார். அந்த இடத்தில் நின்றார்.

"இந்த மரங்களை நீ பார்த்தாயா?"

"பார்த்தேன், துவான்."

தாளைக் கவிழ்ப்பார் என்று காத்திருந்தேன். அவர் முத்திரையை எடுத்து மையில் அழுத்தி, படத்தின் மூலையில் வைத்தார்.

மூன்று வாரம் கழித்து வீரையாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தோட்டத்து ஆட்களோடு அவர் முன்பு சம்பான் படகில் போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். சுங்கைப்பட்டாணியில் பறிமுதல் செய்திருந்த ஒரு பங்களாவுக்கு கிதாமுராவையும் என்னையும் வரச் சொன்னார்கள். மேசைமேல் என் படம் விரித்துக் கிடந்தது. வீரையா தரையில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். ஒரு கண் திறக்க முடியாமல் வீங்கியிருந்தது. ராணுவப் போலீஸ் அதிகாரி, படகு எங்கே போய் மறைந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தான். மலாய் தெரிந்த ஒருவன் மொழிபெயர்த்தான்.

அதிகாரி, படத்தில் நான் மூடிய இடத்தில் பிரம்பை வைத்து என்னைப் பார்த்தான். "இங்கே வழி உண்டா?"

"இல்லை."

பிரம்பு என் தோளில் விழுந்தது. மறுபடி கேட்டான். மறுபடி இல்லை என்றேன். இந்த முறை முகத்தில் விழுந்தது. மூன்றாவது தடவை கேட்டபோது வாய் நிறைய ரத்தம். "படத்தில் என்ன இருக்கிறதோ அதுதான்" என்றேன்.

அதிகாரி கிதாமுரா பக்கம் திரும்பி ஜப்பானிய மொழியில் ஏதோ கேட்டான். கிதாமுரா எழுந்து, படத்தின் மூலையிலிருந்த முத்திரையை விரல் நுனி இல்லாத கையால் தொட்டுக் காட்டி, இரண்டே வார்த்தை சொன்னார். அதோடு கேள்வி நின்றது.

அவருக்கு உண்மை தெரியும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் கடல் அளந்தவருக்கு, ஈரக் கயிற்றைப் பார்த்து ஆழம் சொல்லத் தெரியாதா? தன் முத்திரைமேல் இருந்த கர்வமா, எங்கள்மேல் இரக்கமா, இதுவரை எனக்குப் புரியவில்லை. அவர் நல்லவர் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு இதமாக இருக்கும். எழுதமாட்டேன். அவர் பக்கத்தில் நின்றிருந்த லாரியில்தான் வீரையாவை ஏற்றினார்கள். கிதாமுரா தொப்பியை நேராக்கிக்கொண்டு காரில் ஏறினார்.

லாரி கடைத்தெரு வழியாகப் போனது. மத்தியான நேரம், ஜனங்கள் ஒதுங்கி நின்றார்கள். வெளியே விடப்பட்ட நான் நடைபாதையில் உட்கார்ந்திருந்தேன். வீரையா கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார். என்னைப் பார்த்துவிட்டார்.

"அரை பாகம்தான் தம்பி! அரைதான்!" என்று படகில் கூவுவதுபோலவே கூவினார்.

சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை. சண்டை முடிந்து எலும்பும் தோலுமாக வந்த ஒருவர், காலராவில் போய்விட்டார் என்றார். எந்த முகாம் என்று அவருக்கே நினைவில்லை. வீரையா கொண்டுபோய் விட்ட பதினேழு பேரும் உயிரோடு தோட்டங்களுக்குத் திரும்பினார்கள்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும், ஜப்பானியப் பெயர்களைப் படங்களிலிருந்து கத்தியால் சுரண்டி எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. மிகவும் சந்தோஷமாகச் செய்தேன். பழைய பெயர்கள் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பத்திரமாக இருந்தன. ஆனால் நான் மூடிய வாய்க்கு அதில் பெயர் இல்லை. அதைத் திறந்து வரையப் படகில் போனேன். துடுப்புப் போட்ட மலாய் மீனவரிடம் இதன் பெயர் என்ன என்று கேட்டேன். எனக்கு வீரையாவைத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

"அலோர் வீராயா" என்றார் சாதாரணமாக. "அந்தத் தமிழர் இது வழியாகத்தான் ஆட்களைக் கொண்டுவருவார். எங்கள் கம்பத்தில்தான் சோறு போட்டோம்."

படத்தில் அதையே எழுதினேன். புதிதாக வந்த துரை அதைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார். யுத்தக் கைதியாக இறந்துபோன தன் நண்பர் ஒருவரின் பெயரை அங்கே வைக்க நினைத்திருந்தார். அந்தத் துக்கம் அவர் முகத்தில் இருந்தது. அதை நான் மதிக்கிறேன்.

"யார் இந்த வீரையா? என்ன உத்தியோகம்?" என்றார்.

"படகில் குண்டு போடுபவர்."

"ஒரு கூலியின் பெயரா? இது நீ உன் சிநேகிதனுக்காக வைத்த பெயர்."

"நான் வைக்கவில்லை, துரை. செமிலிங் துறைக்குப் போங்கள். என்னைக் கூட்டிப்போக வேண்டாம். பெயர் எதையும் சொல்லாதீர்கள். அந்த இடத்தைக் காட்டி, இது என்ன என்று மட்டும் கேளுங்கள். வேறு பெயர் வந்தால் நானே அழித்துவிடுகிறேன். அதே பெயர் வந்தால், நீங்கள் அடித்ததை நீங்கள்தான் அழிக்க வேண்டும்."

அப்போதெல்லாம் துரையிடம் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். ஆனால் அவர் போனார், அதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்று படகுக்காரர்களைத் தனித்தனியாகக் கேட்டாராம். திரும்பி வந்து ரப்பரை எடுத்துச் சிவப்புக் கோட்டைத் தானே அழித்தார். அழித்துவிட்டு, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடு என்றார். நான் எழுதவில்லை. 'பணிவு போதாது' என்று என் கோப்பில் குறித்துவிட்டுப் போனார். ஆறு வருடம் எனக்குப் பதவி உயர்வு வரவில்லை. போகட்டும்.

அச்சான படத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். காளியம்மா அண்ணி அப்போதுதான் ரப்பர் பாலை எடைபோட்டுவிட்டு வந்திருந்தார். விரித்துக் காட்டினேன்.

"பேரு போட்டா ஆளு வருமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "எங்க இருக்கு அது? காயிதத்துல இல்ல. நெசத்துல?" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே மலாய் மீனவரின் சம்பானில் போனோம். மரங்களை விலக்கி உள்ளே நுழைந்ததும், வழி திடீரென்று அகன்று பச்சைத் தண்ணீராக ஓடியது. அண்ணி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். பாதி தூரத்தில் நிறுத்தச் சொன்னார். தண்ணீரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"பதினேழு பேரை ஏத்திக்கிட்டு வந்தியே, பதினெட்டாவதா நீயும் அந்தாண்ட இறங்கிப் போயிருந்தா என்னய்யா? யாரு உன்னைத் திரும்பி வரச் சொன்னா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? நானும் ஒரு துடுப்புப் போட்டிருக்க மாட்டேனா?"

திட்டினார். ஊரில் குழாயடிச் சண்டையில்கூட நான் கேட்டிராத வார்த்தைகளால் திட்டினார். அழவில்லை. மீனவருக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று என்னிடம் கண்ணால் கேட்டார்.

"புருஷனோடு பேசுகிறார்" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஓட்டம் படகை இழுத்துக்கொண்டு போகாதபடி, கழியைச் சேற்றில் ஊன்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் குரல் கட்டிப்போய் அண்ணி நிறுத்தினார். உப்புத் தண்ணீரை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார். மறுமுனையில் இருந்த கம்பம்வரை போய் வெளிச்சத்துக்கு வந்தோம்.

"வீட்டுக்குப் போலாமா அண்ணி?"

"அதுக்குள்ளயா? படகைத் திருப்பச் சொல்லு தம்பி. நான் இன்னும் பேசி முடிக்கல."

திருப்பினோம்.